விளையாட்டுச் சாமான் ரேக்: கை கொடுத்த எல்லாருக்கும் நன்றி

அன்புள்ள பெற்றோர்களுக்கும், முன்னாள் மாணவர்களுக்கும், பட்டறைக்காரர்களுக்கும் வணக்கம்.

பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருக்கும் நம் தமிழ்ப்பள்ளியின் விளையாட்டுச் சாமான் அறையில் இப்போது ஒரு இரும்பு ரேக்கும் ஒரு தள்ளுவண்டியும் நிற்கின்றன. கரையான் தின்ற பழைய அலமாரி போய்விட்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் சார்பில் நன்றி சொல்லும் வேலை செயலாளரான என்னிடம் வந்திருக்கிறது. உதவியவர்களில் பாதிப் பேர் "பேரெல்லாம் போட வேணாம்" என்று கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. பணம் கொடுத்தவர்களுக்கு ரசீதோடு தனிக் கடிதம் போய்விட்டது. இந்த மடல் யோசனையும் உழைப்பும் கொடுத்தவர்களுக்கு.

முதல் நன்றி பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் பக்கம் இருக்கும் தம்பிக்கு. நம் பள்ளியில் படித்தவர், இப்போது அங்கே ஒரு தொழிற்சாலையில் வரைபடம் போடுகிறார். கடையில் ஆயத்தமாக விற்கும் ரேக்கின் விலையைக் கேட்டு நாங்கள் சத்தமில்லாமல் வெளியே வந்த சமயம் அது. "நாமே செய்யலாம்ணே, நான் வரைஞ்சு தர்றேன்" என்றவர், புறப்பாட நடவடிக்கை இருந்த ஒரு சனிக்கிழமை பாலம் தாண்டி வந்தார். வந்ததும் கணினியைத் திறப்பார் என்று பார்த்தால், அளவு நாடாவை எடுத்துக் கதவை அளந்தார், சன்னலை அளந்தார், அப்புறம் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னார். பிள்ளைகள் தாமே எடுத்துத் தாமே வைக்க வேண்டிய எதுவும் 120 சென்டிமீட்டருக்கு மேலே போகக் கூடாது என்று அன்றே முடிவானது. அதற்கு மேல் உள்ள தட்டு ஆசிரியர்களுக்கு: முதலுதவிப் பெட்டி, ஸ்டாப்வாட்ச், விசில்.

பந்துக்குப் பலகைத் தட்டு வேண்டாம், இரண்டு குழாய் போதும் என்றதும் அவர்தான். சின்னப் பிள்ளைகளின் காற்பந்து 20 சென்டிமீட்டர் விட்டம், வலைப்பந்து 22. குழாய்களுக்கு நடுவே 14 சென்டிமீட்டர் விட்டால் இரண்டுமே பாங்காக உட்காரும். மண்ணும் தண்ணீரும் கீழே கொட்டிவிடும், காற்றும் போகும். பின்குழாயைக் கொஞ்சம் தாழ்த்தி வைத்ததால் பந்து முன்னால் உருண்டு வருவதில்லை.

இங்கே ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். வரைபடத்தை எட்டிப் பார்த்தவன், "அங்கிள், தக்ராவ் பந்து இதுல விழுந்துடுமே" என்றான். காலால் தட்டி ஆடும் சின்னப் பின்னல் பந்து அது. நூலைச் சுற்றி அளந்து காட்டினான்: சுற்றளவு 43. வகுத்துப் பார்த்தால் விட்டம் 14-க்கும் குறைவு. நேராகத் தரைக்குத்தான் போகும்! வலை கட்டி ஆடும் தக்ராவ் 1945-இல் பினாங்கில்தான் தொடங்கியது என்பார்கள். இந்த ஊரில் அந்தப் பந்துக்கு இடம் இல்லாமல் ரேக் செய்தால் சிரிப்பார்கள். அதற்கென்று 9 சென்டிமீட்டர் இடைவெளியில் தனி வரிசை வந்தது. விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு இடைவெளி என்பதை மற்ற பள்ளிகளும் குறித்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டி ஓய்வு பெற்ற பெரியவர் கேட்ட கேள்வி பாதி வடிவத்தை மாற்றிவிட்டது. "பந்து திடலுக்குப் போகணும், சரி. ரேக் எதுக்குப் போகணும்?" முழு ரேக்குக்கும் சக்கரம் வைக்கும் எண்ணம் அதோடு முடிந்தது. ரேக்கைச் சுவரோடு போல்ட் போட்டு இறுக்கினோம். பிள்ளைகள் என்றால் ஏறத்தான் செய்வார்கள், சாயக் கூடாது. திடலுக்குப் போகும் பந்துகள் மட்டும் தள்ளுவண்டியில். மழை பெய்த புல்லில் சின்னச் சக்கரம் புதைந்துவிடும் என்று சொல்லி 6 அங்குல ரப்பர் சக்கரம் போட வைத்தவரும் அவரே. இரும்புக் குண்டுகளும் வட்டுகளும் ரேக்கின் அடித்தட்டில்தான் என்று பிடிவாதமாக இருந்தார். கனம் கீழே இருந்தால் ரேக் ஆடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று 2017 நவம்பர் வெள்ளம். தண்ணீர் மறுபடி உள்ளே வந்தாலும் நனைந்து கெடாத சாமான்தானே கீழே இருக்க வேண்டும்?

மாக் மண்டின் பகுதியில் பட்டறை வைத்திருக்கும் வெல்டிங் அண்ணன் இரும்புக்கு மட்டும் காசு வாங்கினார், கூலியைப் பற்றிப் பேசினாலே கோபம் வருகிறது. 25 மில்லிமீட்டர் சதுரக் குழாய், 1.6 மில்லிமீட்டர் கனம், துத்தநாகம் பூசியது. அந்தப் பூச்சு எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது என்று ஒட்டும் இடத்தில் முதலில் தேய்த்து எடுத்தார், பட்டறைக்கு வெளியே காற்றோட்டத்தில் வைத்து ஒட்டினார், பிறகு ஒவ்வொரு ஒட்டிலும் துத்தநாகப் பெயின்ட் அடித்தார். நம் ஊர் ஈரத்துக்கு அந்த ஒட்டுகளில்தான் முதலில் துரு பிடிக்கும். குழாய் முனை ஒன்றுகூட மூடியில்லாமல் இல்லை.

அம்மாமார்கள் நாசி லெமாக் கட்டிக் கொண்டுவந்தார்கள் என்று மட்டும் எழுதினால் அநியாயம். பூப்பந்து மட்டைகள் தொங்கும் கம்பிகளுக்குப் பழைய தோட்டக் குழாயை நறுக்கி மாட்டியது அவர்கள். மட்டையின் சட்டம் கீறாமல் இருக்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர், "எங்க ஸ்பானர் சுவர்ல அதது உருவத்தை வரைஞ்சு வச்சிருப்பாங்க, எது காணோம்னு பார்த்ததும் தெரியும்" என்றார். ஆறாம் ஆண்டு மாணவிகள் மட்டைகளின் உருவத்தைச் சுவரில் பெயின்ட் அடித்துவிட்டார்கள். கையோடு நிக்கோல் டேவிட் படத்தையும் ஒட்டிவிட்டார்கள். பள்ளியில் ஸ்குவாஷ் மட்டை ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் 8 முறை உலக வெற்றியாளர், அதிலும் பினாங்குப் பெண். இருக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

ஹாக்கி மட்டைகளை நிறுத்த 4 அங்குல பிவிசி குழாய்த் துண்டுகள் கொடுத்த பிளம்பர் அண்ணனுக்கும், லோரிக் கூலி வாங்காத ஹார்ட்வேர் கடைத் தவுக்கேக்கும் (முதலாளிக்கும்), ஞாயிற்றுக்கிழமைகளில் முகம் சுளிக்காமல் கேட்டைத் திறந்துவிட்ட காவலர் பாக்சிக்குக்கும் (பெரியவருக்கும்), எதையும் தடுக்காத தலைமையாசிரியருக்கும் நன்றி.

வரைபடம் வேண்டும் என்ற பள்ளிகள் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், காசு வேண்டாம். உங்கள் அறைக் கதவை மட்டும் முதலில் அளந்துவிடுங்கள்.

உயரம் தாண்டும் மெத்தைக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை. எந்த ரேக்கிலும் அடங்காது, தரையில் போட்டால் பூஞ்சை பிடிக்கிறது. யோசனை உள்ளவர்கள் எல்லாரும் கூடி வேலை செய்யும் அடுத்த கோத்தோங் ரோயோங்குக்கு வாருங்கள். பசியாறை எங்கள் செலவு.

அன்புடன்,
செயலாளர், பெற்றோர் ஆசிரியர் சங்கம்