குடிப்பழக்க ஆய்வு: நம் பிள்ளைகள் கேட்டவை

பெற்றோருக்கு வணக்கம். நம் பிள்ளைகளிடம் நடக்கவிருக்கும் மதுப்பழக்கம் பற்றிய ஆய்வுக்கான சம்மதப் படிவம் உங்கள் கைக்கு வந்திருக்கும், கையெழுத்துப் போடும் முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

சனிக்கிழமை பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு இதைப் பற்றிப் பேசினேன். கலந்துகொள்ள மாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் ஒரே பயம்: "எழுதுறதை அப்பா பார்ப்பாரா சார்?" நாம் நினைக்கிற மாதிரி, தாங்கள் குடித்ததை மறைப்பதற்காக மட்டுமில்லை; வீட்டில் யார் குடிக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பதில் எழுதத்தான் பல பேருக்குக் கை நடுங்குகிறது.

ஒரு பையன் கேட்டான், அம்மா கையெழுத்துப் போட்டால் நான் எழுதியே ஆகணுமா என்று. இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 18 வயதுக்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதோடு 12 வயதைத் தாண்டிய பிள்ளையின் எழுத்துப்பூர்வ இசைவும் வேண்டும். பாதியில் விலகவும் செய்யலாம்.

ஐரோப்பாவில் 1995 முதல் நடக்கும் ஈஸ்பாட் பள்ளி ஆய்வில் 15, 16 வயதுப் பிள்ளைகள் பெயர் எழுதுவதே இல்லை. சும்மா அடித்துவிடுகிறவர்களைக் கண்டுபிடிக்க 'ரெலெவின்' என்று இல்லாத போதைப்பொருள் ஒன்றையும் பட்டியலில் சேர்த்திருந்தார்கள், இதைச் சொன்னதும் வகுப்பே சிரித்தது!

நம் படிவத்தில் பெயருக்கு இடம் இருக்கிறது. அது எதற்கு என்று ஆய்வுக் குழுவிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் இங்கே போடுகிறேன். அதுவரை படிவத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அப்புறம் வீட்டில் "என்ன எழுதினே" என்று தயவுசெய்து துருவாதீர்கள்.