பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டியவன் எழுதுவது

அன்புள்ள டிரைவர் அண்ணனுக்கு,

வணக்கம். என் முகம் உங்களுக்கு ஞாபகம் இருக்க வழியில்லை. நான் தட்டிய சத்தம் ஒருவேளை இருக்கலாம். கதவு மூடி வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடி வந்து, பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் தகரத்தில் படார் படார் என்று அடித்தவன் நான்தான். நீங்கள் நிறுத்தவில்லை. நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். நல்லவேளை, கதவு மூடியிருந்தது.

சில நாள் கழித்து மறுபடி உங்கள் வண்டியில் ஏறினேன். உட்கார இடமில்லை. உங்கள் இருக்கைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஸ்டாப்பிலிருந்து வண்டியை எடுக்கும்போது உங்கள் கண் எங்கே இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். படிக்கட்டுப் பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை. அவ்வளவுதான், பிறகு முழுக்க சாலைப் பக்கக் கண்ணாடிதான். வரிசையாக வருகிற வண்டிகளுக்கு நடுவே ஓர் இடைவெளி கிடைக்காதா என்று காத்திருந்தீர்கள். கிடைத்ததும் சட்டென்று ஒடித்து வெளியே எடுத்தீர்கள். அந்த நேரத்தில் பஸ்ஸின் வால்பகுதி ஓரத்தில் நிற்பவர்கள் பக்கமாகக் கொஞ்சம் வீசுகிறது. நான் தட்டிக்கொண்டே ஓடி வந்த இடம் அதுதான். இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

இன்னொன்றும் புரிந்தது. ஒரு வண்டி ஐந்து நிமிடம் தாமதமானால் அடுத்த ஸ்டாப்பில் ஐந்து நிமிடக் கூட்டம் கூடுதலாகச் சேர்ந்திருக்கும். அவர்கள் ஏறி முடிக்க இன்னும் தாமதம். பின்னால் வருகிற வண்டிக்கு ஆளே இருக்காது, அது வேகமாக வந்து முன்வண்டியோடு ஒட்டிக்கொள்ளும். ‘அரை மணி நேரமாக ஒன்றுமில்லை, இப்போது இரண்டு சேர்ந்து வருகிறது பார்’ என்று நாங்கள் எரிச்சல்படுவோமே, பெரும்பாலும் அதன் கதை இதுதான். தாமதத்தை ஈடுகட்ட நீங்கள் விடுவது கடைசி நிறுத்தத்தில் கால் நீட்டிக்கொள்ளும் நேரத்தை. ஓடி வருகிற ஒவ்வொருவருக்காகவும் நின்றால் அதுவும் போச்சு.

அன்றைக்கு உங்களிடம், ‘இந்த வண்டி ரயில் நிலையம் வழியாகப் போகுமா?’ என்று ஒருவர் கேட்டார். நீங்கள் பதில் சொல்லவில்லை. அவர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குள் இருந்த கணக்குப் பிள்ளை சும்மா இருக்கவில்லை. மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 11 மீட்டர். ஒரு நகரப் பேருந்தின் நீளம் சாதாரணமாக 12 மீட்டர். நீங்கள் ஒரு நொடி திரும்பிப் பதில் சொல்லியிருந்தால், கிட்டத்தட்ட ஒரு பஸ் நீளத்தைப் பார்க்காமலே ஓட்டியிருப்பீர்கள். அடுத்த சிக்னலில் நின்றதும், ‘போகும்’ என்று திரும்பிச் சொன்னீர்கள். அவர் அதற்குள் போனில் மூழ்கிவிட்டார். உங்கள் பதில் கேட்டது எனக்கு மட்டும்தான்.

சரி, எல்லாம் உங்கள் பக்கம்தான் நியாயம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு குறை உண்டு. அதே டிரிப்பில் கைத்தடியோடு ஒரு பாட்டி ஏறினார். அவர் கை கம்பியை எட்டுவதற்குள் வண்டியை எடுத்துவிட்டீர்கள். பக்கத்தில் நின்ற பெண் தோளைத் தாங்கிப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். ஓடி வருகிற என்னை விட்டுவிட்டுப் போங்கள், நான் அடுத்த வண்டியில் வருவேன். ஏறிவிட்டவர் எதையாவது பிடித்துக்கொள்ளும் வரை மட்டும் உள்கண்ணாடியைப் பாருங்கள். மூன்று நான்கு நொடிக்கு மேல் ஆகாது. அந்தத் தாமதத்துக்கு உங்களை யார் திட்டினாலும் நான் சண்டைக்கு வருகிறேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு.

அப்புறம் ஒரு பள்ளிக்கூடப் பையன் இறங்கினான். படியில் கால் வைத்துக்கொண்டே, ‘தேங்க்ஸ்ண்ணே’ என்றான். நீங்கள் திரும்பவில்லை. அவன் இரண்டு காலும் தரையில் பட்டு, பையும் கதவை விட்டு விலகுகிறவரை கண்ணாடியில் பார்த்தீர்கள். ஸ்டீயரிங்கில் இருந்த கை மட்டும் ஒருமுறை எழுந்து இறங்கியது.

என் ஸ்டாப் அதற்கு அடுத்தது. நானும் சொல்லலாம் என்றுதான் வாயெடுத்தேன். திட்டிய அதே வாய், கூச்சம் வந்துவிட்டது. பேசாமல் இறங்கிவிட்டேன்.

இப்படிக்கு,
அன்று தகரத்தில் தட்டியவன்