டயர் போனால் போகட்டும், இடம் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

‘சாலையோரம் பழுதாகி நின்ற லாரி மீது மோதி’ என்று தொடங்கும் செய்தி உங்கள் நாளிதழின் சேலம் பக்கத்தில் அடிக்கடி வருகிறது. படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும், ஏனென்றால் அந்தப் பழுது பல நேரம் வெறும் டயர் வெடிப்புதான். நான் சங்ககிரிக்காரன். 3 வருஷம் கிளீனர், அப்புறம் 24 வருஷமாக டிரைவர். டயர் வெடித்த இடத்திலேயே வண்டியை நிறுத்தி ஜாக்கி போடுகிற பழக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தொப்பூர் கணவாயில் லோடோடு இறங்கும்போது பிரேக் பிடித்துப் பிடித்து டிரம் கொதிக்கும். அந்தச் சூடு டிஸ்க் (டயர் மாட்டியிருக்கும் இரும்புச் சக்கரம்) வழியாக டியூபுக்கு ஏறும், ஏற்கெனவே காற்று குறைவாக இருந்த டயர் என்றால் ஓமலூர் வருவதற்குள் வெடித்துவிடும். பின்பக்கம் ஜோடி டயரில் ஒன்றுதான் போயிருக்கிறது என்றால் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு போய் லாரி நிறுத்துமிடமோ, பெட்ரோல் பங்கோ, சர்வீஸ் ரோடோ பார்த்து நிறுத்தலாம். (முன் டயர் போனால் அந்த வசதி கிடையாது. பிரேக்கை மிதிக்காமல் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, வேகம் தானாகக் குறைந்த பிறகு தார் ரோட்டை விட்டு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு ஓரம் கட்டணும்.) ஆனால் பல டிரைவர்கள் உருட்ட மாட்டார்கள். அவர்களுக்குத் தெரியாமல் இல்லை, பக்கத்து டயரும் பாழானால் ஓனர் சம்பளத்தில் பிடிப்பார் என்ற பயம். நானே அந்தப் பயத்தில் ராத்திரி 2 மணிக்கு வளைவில் நிறுத்தி நட்டு கழற்றியிருக்கிறேன். பஸ் ஒன்று உரசுகிற மாதிரி போன காற்றில் வேட்டி பறந்தது இன்னும் நினைவில் இருக்கிறது. சங்ககிரி, சேலம், நாமக்கல் லாரி ஓனர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ‘டயர் போனால் போகட்டும், நீ நல்ல இடம் பார்த்து நிறுத்து’ என்று உங்கள் டிரைவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை இல்லாமல் அவன் நல்ல இடம் வரை உருட்டிப் போக மாட்டான்.

மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுகிறோமே, ராத்திரியில் அது யார் கண்ணுக்குத் தெரியும்? ஒளிரும் முக்கோணப் பலகை வண்டியில் இருக்கணும். அதையும் பின் பம்பருக்குக் கீழே வைக்காமல் 50 மீட்டராவது பின்னால் நடந்து போய் வைக்கணும், வளைவு என்றால் வளைவுக்கு முன்னாலேயே. நான்கு இண்டிகேட்டரும் எரியணும். தேசிய நெடுஞ்சாலையில் 1033க்குப் போன் செய்தால் உதவி கேட்கலாம், இது தெரியாத டிரைவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வண்டியைத் தூக்குவதற்கு முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திக்கொள்ளணும் (டியூப் டயர் என்றால் அதற்கும் முன்னால் காற்றை இறக்கணும், அதைக் கீழே சொல்கிறேன்). ஜாக்கிக்கு அடியில் அகலமான மரக்கட்டை வேண்டும், ஓரத்து மண்ணில் 15, 20 டன் லோடோடு நிற்கிற வண்டி ஜாக்கியை அப்படியே பூமிக்குள் இறக்கிவிடும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடக் கூடாது.

காற்று விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டியூப் டயர் போட்ட பழைய வண்டிகளில் டயரைப் பிடித்து நிறுத்துவது லாக் ரிங், அதாவது டிஸ்க் ஓரத்தில் மாட்டுகிற இரும்பு வளையம். உள்ளே இருப்பது 100 பவுண்டுக்கு மேல் காற்று. ஜோடி டயரில் ஒன்று வெடித்தால் முழுப் பாரமும் பக்கத்து டயர் மேல் ஏறுகிறது, அதற்கும் உள்ளுக்குள் அடி விழுந்திருக்கும், ரிங்கும் இடம் நகர்ந்திருக்கலாம். நட்டில் ஸ்பானர் வைக்கும் முன்பே இரண்டு டயரிலும் வால்வு பின்னைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிடணும். பாதிக் காற்றோடு நட்டைக் கழற்றினால் ரிங் முகத்துக்கு வரும்.

நான் கிளீனராக இருந்தபோது ஒரு பஞ்சர் கடையில் கண்ணெதிரே பார்த்தேன். காற்று ஏற ஏற ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம், அடுத்த நொடி ரிங் தெறித்துக் கூரையின் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைத்துக்கொண்டு போய்விட்டது. காற்று அடித்த அண்ணன் டீ கிளாஸை எடுக்க அப்போதுதான் திரும்பியிருந்தார். அரை மணி நேரம் அவருக்குப் பேச்சு வரவில்லை, டீயும் அப்படியே ஆறிப்போயிருந்தது. அன்றிலிருந்து காற்று அடிக்கும்போது ரிங் பக்கம் நான் நின்றதே இல்லை. நீளமான ஓஸும், டயரை உள்ளே வைத்துக் காற்று அடிக்க இரும்புக் கூண்டும் இல்லாத கடையில் டயரை இறக்குவதும் இல்லை, கூலி 100 ரூபாய் கூடப் போனாலும் சரி.

ஸ்டெப்னி மாட்டிய பிறகு நட்டுகளை எதிரெதிராக முறுக்கணும், 50 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி மறுபடி ஒரு முறை டைட் பார்க்கணும்.

கடைசியாக ஒன்று. சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை ரோட்டிலேயே போட்டுவிட்டுக் கிளம்புகிறார்கள். பின்னால் பைக்கில் வருகிறவர் அதில் ஏறி விழுகிறார். வண்டியில் இரண்டு மரக்கட்டை வைத்துக்கொண்டால் கல்லே தேவைப்படாது. அப்படியும் கல் வைத்திருந்தால், ஏறும் முன் அதைத் தூக்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டு ஏறுங்கள் அண்ணன்மார்களே.

ஆசிரியர் ஐயா, இனி ‘பழுதாகி நின்ற லாரி’ செய்தி போடும்போது அதன் கீழே ஒரு வரியில் 1033 என்ற எண்ணையும் சேர்த்துப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரி ஓட்டுநர்,
சங்ககிரி, சேலம் மாவட்டம்.