நியா குகைக்கு ஒரு வேன் விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சரவாக்கின் நியா குகைகளை 2024-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தளமாக அறிவித்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. தமிழ்ப்பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள் நான். 1958-இல் அங்கே கிடைத்த மனித மண்டை ஓடு ஏறக்குறைய 40,000 ஆண்டுப் பழமையானது. அதனால்தான் ஓய்வுபெற்றதும் அண்ணியை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

மீரியிலிருந்து பிந்துலு போகும் விரைவுப் பேருந்து எங்களைப் பத்து நியா (Batu Niah) சந்திப்பில் இறக்கிவிட்டது. அதுவரை ஒரு குறையும் இல்லை. அங்கிருந்து பூங்கா சுமார் 15 கிலோமீட்டர். அந்தத் தூரத்துக்குத்தான் பேருந்து கிடைக்கவில்லை. கிராப் வாடகைக் காரும் வரவில்லை. முட்டிவலியோடு அண்ணி வெயிலில் நிற்க, கார் வைத்திருப்பவர்களிடம் நான் விலை பேசிக்கொண்டிருந்தேன். எங்களை ஏற்றிக்கொண்டவர் நல்ல மனிதர். மாலையில் திரும்ப வந்து அழைத்துப்போனார். எல்லாருக்கும் அப்படி அமையுமா?

பூங்காவுக்குள் ஆற்றைப் படகில் கடந்து, காட்டுக்குள் பலகைப் பாதையில் சுமார் 3 கிலோமீட்டர் நடக்க வேண்டும். பெரிய குகையின் வாசலே 60 மீட்டர் உயரம், 250 மீட்டர் அகலம். அதையும் தாண்டித்தான் ஓவியக் குகை. சிவப்பு நிறத்தில் சுவரோவியங்கள் உள்ள, இறந்தவர்களை வைத்த படகு வடிவப் பெட்டிகள் இருந்த இடம் அது. சந்திப்பில் வீணாகும் ஒரு மணி நேரம் இந்தக் கடைசிக் குகையைத்தான் பறிக்கிறது. நேரமாகிவிட்டது என்று பெரிய குகையோடு திரும்பிய ஒரு குடும்பத்தை வழியில் பார்த்தோம். பிள்ளைகளின் முகம் வாடியிருந்தது.

பத்துமலை அடிவாரத்துக்கே 2010-இல் கொம்யூட்டர் ரயில் வந்துவிட்டது. நியாவுக்கு ரயில் கேட்கவில்லை. காலைப் பேருந்துகள் வரும் நேரத்துக்குச் சந்திப்பிலிருந்து ஒரு வேன், பிற்பகலில் திரும்ப ஒரு வேன், அவ்வளவுதான். கட்டணம் வாங்கட்டும், தருகிறோம். புதிதாக வண்டி வாங்க முடியாதென்றால், இப்போது ஓட்டுகிற உள்ளூர்க்காரர்களையே பதிவு செய்து, கட்டணத்தைப் பலகையில் எழுதி வைக்கலாம். அவர்களுக்கும் நிலையான வருமானம். சரவாக் அரசும் பூங்கா நிர்வாகமும் அடுத்த பள்ளி விடுமுறைக்குள் இதைச் செய்ய வேண்டும்.

அதற்கு முன்பே போகிற வாசகர்கள் மீரியில் அதிகாலைப் பேருந்தைப் பிடியுங்கள். டார்ச் லைட் கட்டாயம். மழை பெய்தால் பலகை வழுக்கும். அப்புறம், காரில் ஏறும்போதே திரும்பும் நேரத்தையும் பேசி முடித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
கிள்ளான்