உன் ஹம்சஃபரும் என் மௌலா ஜட்டும்

ஷார்ஜா

அன்புள்ள முருகா,

அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "பாகிஸ்தான் டிவி டிராமா தங்கம், சினிமா குப்பை" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து உன்னோடு சண்டை போட வேண்டும் போலவே இருக்கிறது.

டிராமாவின் பெருமையை நான் மறுக்கவில்லை. ஹசீனா மொயின் எழுதிய 'தன்ஹாயியான்', 'தூப் கினாரே' இரண்டையும் என் லாகூர் அறைத்தோழர் உட்காரவைத்துக் காட்டினார். டிவியில் பெண்கள் தலையில் துப்பட்டா போட்டே ஆகவேண்டும் என்று ஜியா உல் ஹக்கின் ராணுவ ஆட்சி கெடுபிடி செய்த வருடங்கள் அவை. அப்போது போய், பெற்றோரின் வீட்டை உழைத்துத் திரும்ப வாங்கியே தீருவேன் என்று நிற்கும் 'தன்ஹாயியான்' நாயகி ஸாராவை எழுதினார் அந்த அம்மாள். அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

ஆனால் நீ உருகுவது 'ஹம்சஃபர்' வகையறாவுக்கு. மாமியாரின் சூழ்ச்சி, சந்தேகப்படும் கணவன், மகளின் இதய ஆபரேஷனுக்காக மறுபடி அவன் வாசலுக்கே வரும் மனைவி. நடிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நானும் கலங்கித்தான் பார்த்தேன். ஆனால் அதன் வெற்றிக்குப் பிறகு வந்தவற்றில் எத்தனை அந்த வரவேற்பறையையும் மாடிப்படியையும் தாண்டின? வயலில், பட்டறையில் வேலை செய்கிறவன் அதில் எங்கே இருக்கிறான்? டிரைவராக வந்து கதவைத் திறந்துவிட்டுப் போகிறான்.

அவனுக்கு இடம் கொடுத்தது நீ குப்பை என்கிற பஞ்சாபி சினிமாதான். 'மௌலா ஜட்' வந்தது 1979 பிப்ரவரியில். ஏப்ரலில் முன்னாள் பிரதமர் புட்டோவைத் தூக்கிலிட்டார்கள். வாய் திறக்கவே பயந்த அந்த நாட்டில், ஹீரோ சுல்தான் ராஹி நீளக்காம்புக் கோடாரியோடு நின்று கர்ஜித்தார், அதுவும் பள்ளிக்கூடத்தில் இடமில்லாத பஞ்சாபியில். அரசு படத்தை நிறுத்தப் பார்த்தது, முடியவில்லை. வில்லன் முஸ்தஃபா குரேஷியைப் பார்க்க வேண்டும் நீ! சிந்திக்காரர். ஹீரோ கத்தக் கத்த, இவர் தணிந்த குரலில் பேசுவார். தனக்குச் சமமான எதிரி கிடைக்கவில்லையே என்று ஏங்கும் வில்லனை வேறெங்கு பார்த்திருக்கிறாய்? தரை டிக்கெட்டில் தொண்டை கிழியக் கத்தி வளர்ந்தவர்கள் நாம். உனக்கா அது புரியாது?

அதன் நகல்கள் வெள்ளமாக வந்து, குடும்பங்கள் தியேட்டர் பக்கமே போகாமல் ஆனது உண்மை. 1996இல் ராஹியைச் சுட்டுக் கொன்றார்கள். லாகூர் சினிமாவும் அவரோடு படுத்துவிட்டது. ஆனால் 2022இல் டைரக்டர் பிலால் லஷாரி அதே கதையை மறுபடி எடுத்தபோது, அந்த நாட்டில் அதுவரை எந்தப் படமும் சம்பாதிக்காததைச் சம்பாதித்தது. நடித்தது யார் தெரியுமா? ஃபவாத் கானும் மாஹிரா கானும். உன் ஹம்சஃபர் ஜோடியேதான்! வரவேற்பறையில் அழுதவர்களை வயலுக்குக் கூட்டிவந்தது சினிமா.

இன்னொன்று. 2024இல் 'கபி மே கபி தும்' டிராமாவின் கடைசி எபிசோடைத் தியேட்டரில் போட்டார்கள். வீட்டில் இலவசமாகப் பார்க்கக் கூடியதை ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்த்தார்கள். சேர்ந்து அழுவதற்கும் ஒரு கூட்டம் வேண்டியிருக்கிறதடா.

எனக்கு உண்மையான வருத்தம் 'ஜாய்லேண்ட்' பற்றித்தான். 2022இல் பிரான்சின் கான் திரைப்பட விழாவில் நடுவர் பரிசு வாங்கிய படம், கதை நடப்பது லாகூரில். பஞ்சாப் மாகாண அரசு தடை போட்டுவிட்டது. லாகூர்க்காரரான என் தோழர் அதை இங்கே, இந்த அறையில், ராத்திரி ஒரு மணிக்குப் பார்த்தார். முடிந்ததும் எதுவும் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

டிசம்பரில் நீ வருகிறாய் அல்லவா? முதலில் பழைய மௌலா ஜட், அப்புறம் புதியது. நடுவில் எழுந்து போகக்கூடாது. வரும்போது உன் அக்கா போடும் நார்த்தங்காய் ஊறுகாயை மறக்காதே.

அன்புடன்,
செல்வம்