இழுவலை போட்டவன் நானல்ல: படகு, மோட்டார் தொடர்பான என் நான்காவது புகார்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர்,
பழவேற்காடு, திருவள்ளூர் மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: தவறான அளவில் மோட்டார் கொடுத்தது, உத்தரவாதத்தை மறுத்தது, என்மீது பொய்க் குறிப்பு எழுதி வைத்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். இதற்கு முன் மூன்று முறை மின்னஞ்சலில் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பதில்: "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியமானது." நான் கருத்துச் சொல்லவில்லை, ஐயா. வாங்கிய பொருள் ஓடவில்லை என்றுதான் எழுதினேன். அதனால் இந்த முறை காகிதத்தில் எழுதி விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டு வாங்கித்தான் ஆக வேண்டும்.

எந்தப் படகு, எந்த மோட்டார் என்று மாடல் எண்ணையெல்லாம் எழுதப் போவதில்லை. விற்ற உங்களுக்குத் தெரியாதா? ரசீது நகலை இணைத்திருக்கிறேன். படகும் மோட்டாரும் முன்பக்க மின் மோட்டாரும் பேட்டரியும் சேர்த்து ரூ.3,42,000. என் ஓய்வூதியப் பணப்பலனில் மிச்சமிருந்தது அவ்வளவுதான்.

ஆகஸ்ட் மாதம் உங்கள் காட்சியறைக்கு வந்தபோது எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தேன். உங்கள் விற்பனையாளர் அதைப் படித்துவிட்டு, "இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை, சார்" என்று பாராட்டினார். அந்தத் தாளில் இருந்தவை இரண்டே தேவைகள். ஒன்று, முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலில் படகை மெல்ல ஓட்டிக்கொண்டே, பின்னால் தங்கூஸ் நரம்பில் பொம்மை மீனை இழுத்து வஞ்சிரமும் பாறை மீனும் பிடிப்பது. அதற்கு மணிக்கு எட்டு முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகம் போதும், ஆனால் அந்த வேகத்தில் மணிக்கணக்கில் திணறாமல் ஓட வேண்டும். டூ ஸ்ட்ரோக் வேண்டாம், மெதுவாக ஓட்டினால் பிளக்கில் கரி பிடிக்கும், ஃபோர் ஸ்ட்ரோக்தான் வேண்டும் என்று கேட்டது அதனால்தான். இரண்டாவது, ஏரிக்குள் கொடுவாவுக்குத் தூண்டில் வீசுவது. பழவேற்காடு ஏரியில் பல இடங்களில் இடுப்பளவு தண்ணீர்கூட இருக்காது. மோட்டார் சத்தம் கேட்டாலே கொடுவா விலகிவிடும். அதற்காகத்தான் படகின் முன்பக்கமான அணியத்தில் மாட்டும் சிறிய மின் மோட்டார்.

இந்த இரண்டு தேவைகளில் எது உங்களுக்குப் புரியவில்லை?

9.9 குதிரைத்திறன் மோட்டார் வந்தது. மோட்டாரிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் ஷாப்ட் தண்டின் நீளம் 15 அங்குலம். உங்கள் படகில் மோட்டார் மாட்டும் பின்பலகையின் உயரம் 20 அங்குலம். இது நான் கண்டுபிடித்த உண்மையல்ல, உங்கள் விளக்கக் கையேட்டில் ஏழாம் பக்கத்தில் நீங்களே அச்சடித்திருக்கிறீர்கள். ப்ரொப்பெல்லருக்கு மேலே தட்டையாக ஒரு தகடு இருக்கிறதே, அது படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒட்டி நிற்க வேண்டும். எங்களுடையது ஐந்து அங்குலம் மேலே தொங்குகிறது. ஏரியில் அலை இல்லாதபோது ஏதோ ஓடும். முகத்துவாரத்தில் ஓர் அலை படகின் பின்பக்கமான அமரத்தைத் தூக்கினால் ப்ரொப்பெல்லர் காற்றைக் குடிக்கிறது. இன்ஜின் அலறுகிறது, படகு நகர மறுக்கிறது. குளிரூட்டும் நீர் பீச்சுவதும் நின்றுபோகிறது. அந்த இடத்தில் படகு உந்து விசை இழந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் ஊரில் பத்து வயதுப் பையன்கூடச் சொல்வான். செப்டம்பரில் ஒரு நாள் நானும் என் மைத்துனரும் துடுப்புப் போட்டுத்தான் கரை சேர்ந்தோம். எனக்கு வயது 63.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசிய அந்த இளைஞரைப் பற்றி. பெயர் கேட்டேன், சொல்லவில்லை. நவம்பர் முதல் வாரம், காலை பதினொரு மணிக்கு மேல். அழைப்புகளைப் பதிவு செய்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறீர்களே, எடுத்துக் கேளுங்கள்.

"மோட்டாரை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள்?" என்று கேட்டார். "ட்ரோலிங்" என்றேன். அவர் "ட்ராலிங்" என்று எழுதிக்கொண்டார். எழுத்தில் ஒரு கொம்புதான் வித்தியாசம். முன்னது தூண்டிலை இழுப்பது, பின்னது கடலின் அடியையே வாரிக்கொண்டு வரும் இழுவலை. அது வேறு, இது வேறு என்று விளக்கத் தொடங்கினேன். "பெரியவரே, எனக்குப் பாடம் நடத்தாதீர்கள். இந்த வயதில் உங்களுக்கு எதற்குப் படகு?" என்று கேட்டுவிட்டு இணைப்பைத் துண்டித்தார். எழுத்திலிருந்து விழுந்த அந்தக் கொம்பு அவருக்கு முளைத்துவிட்டது போலும்.

முப்பத்து நான்கு வருடம் பாடம் நடத்தினேன், ஐயா. ஒரு மாணவன்கூட என்னிடம் அப்படிப் பேசியதில்லை.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். பத்து நாள் கழித்து உங்களிடமிருந்து கடிதம் வந்தது. "வாடிக்கையாளர் மோட்டாரை இழுவலைத் தொழிலுக்குப் பயன்படுத்தி அதிகப் பாரம் ஏற்றியுள்ளார். ஆகவே உத்தரவாதம் செல்லாது." 9.9 குதிரைத்திறனில் இழுவலையா? விசைப்படகுகள் பலவற்றின் டீசல் இன்ஜின்கள் நூறு குதிரைத்திறனைத் தாண்டுபவை. ஆட்டுக்குட்டியைக் கட்டித் தேர் இழுத்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மோட்டார் விற்கும் நிறுவனத்தில் இதைப் படித்துச் சிரிக்க ஒருவர்கூட இல்லையா?

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாகச் சிறுவலையும் தூண்டிலும் வைத்துப் பிழைத்த குடும்பம். விசைப்படகுகள் கரையோரத்தில் வந்து சிறு மீனவர்களின் வலையை அறுத்துவிட்டுப் போகக் கூடாது என்றுதானே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் அவற்றுக்குக் கரையோர எல்லை வகுத்தது? ஏரிக்குள்கூட எந்த இடம் எந்த நாளில் யாருடைய பாடு என்று முறை இருக்கிறது. அடுத்தவர் பாட்டில் நான் ஒரு தூண்டில்கூட வீசமாட்டேன். அப்படிப்பட்டவனை இழுவலைக்காரன் என்று எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அந்தக் கடிதத்தை என் மைத்துனர் தேநீர்க் கடையில் உரக்கப் படித்துக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து என்னைப் பார்த்தால், "சார், இன்றைக்கு இழுவலை எத்தனை டன்?" என்று கேட்கிறார்கள்.

கோபத்தில் வரிசை தப்பிவிட்டது, மன்னிக்கவும். அக்டோபரில் நடந்ததைச் சொல்லவில்லை.

மோட்டாரைப் பட்டறைக்குக் கொண்டு வந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்று உங்கள் சேவைப் பிரிவு சொன்னது. நாற்பது கிலோவுக்கு மேல் எடையுள்ள மோட்டாரைக் கழற்றி, சாக்கில் சுற்றி, லோடு ஆட்டோவில் ஏற்றி, பொன்னேரி வழியாகச் சென்னைக்கு வந்தோம். வழியெல்லாம் மழை. ஆட்டோ வாடகை மட்டும் ரூ.3,800. பட்டறையில் ஒன்றரை மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு ஒருவர் வந்து, சாக்கைக்கூடப் பிரிக்காமல், "படகு எங்கே?" என்றார். படகில் மாட்டிப் பார்த்தால்தான் சொல்ல முடியுமாம். பதினாறு அடிப் படகு, ஐயா! அதை நான் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வர வேண்டுமா? அளவுநாடா இருந்தால் ஷாப்ட்டை இப்போதே அளந்து பாருங்கள் என்றேன். அளவுநாடா இல்லை என்றார். மோட்டார் பட்டறையில் அளவுநாடா இல்லை! திரும்பி வரும்போது ஆட்டோ ஓட்டிய தம்பி எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இருநூறு ரூபாயைக் குறைத்துக்கொண்டார். இந்த ஐந்து மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே தள்ளுபடி அது.

வீட்டுக்கே தொழில்நுட்பப் பணியாளரை அனுப்புகிறோம் என்றீர்கள். அனுப்பினீர்கள், மறுக்கவில்லை. எந்த நாளில்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில். அன்று எங்கள் பகுதியில் யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வந்தவர் கரையில் நின்றபடி மோட்டாரைப் பார்த்தார், ஓட்டிப் பார்க்க முடியாது என்று எழுதிக்கொண்டார், ராக்கெட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகிற போக்கில் ஓர் ஆலோசனையும் சொன்னார்: பின்பலகையில் ஐந்து அங்குலத்தை அறுத்துவிட்டால் மோட்டார் சரியாக உட்காருமாம். அமரத்தை ஐந்து அங்குலம் தாழ்த்தினால் அடுத்த அலை நேராக மடிக்குள் வந்து விழும். என் மைத்துனர் அதிகம் பேசாதவர். அன்று மட்டும், "மாமா, இவரை ஒரு நாள் வாடைக்காற்றில் அந்தப் பலகையின் பக்கத்தில் உட்கார வைக்கலாமா?" என்று கேட்டார்.

ஏரி ஆழமில்லாதது, அதற்குக் குட்டை ஷாப்ட்தானே நல்லது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வாதம் இருக்கிறது. ஆழமில்லாத இடத்தில் மோட்டாரைச் சாய்த்துத் தூக்கி வைக்கத்தான் அதிலேயே கொக்கி இருக்கிறதே. அதையும் தாண்டி ஆழம் குறைந்தால் ஓட்டத்தான் மின் மோட்டாரை என் தலையில் கட்டினீர்கள்.

அந்த மின் மோட்டாரின் கதை தனி. கடல்நீருக்கு ஏற்றது என்று சொல்லி விற்றீர்கள். பெட்டியின் அடியில் சிறிய எழுத்தில் "நன்னீரில் மட்டும்" என்று இருக்கிறது. எங்கள் ஏரி உப்பு ஏரி என்பது வந்து போகும் பூநாரைகளுக்குக்கூடத் தெரியும். மூன்றே வாரத்தில் திருகுகளெல்லாம் துருப்பிடித்து, மடக்கும் பிடி இறுகிவிட்டது. அதோடு கொடுத்த பேட்டரி கார் ஸ்டார்ட் செய்யும் பேட்டரி. ஒரே மூச்சில் நிறைய மின்சாரம் கொடுக்கத்தான் அது லாயக்கு. மெல்ல மெல்ல வடியவிட்டு மறுபடி ஏற்றினால் சீக்கிரம் செத்துவிடும், எங்களுடையது செத்துவிட்டது. எட்டு மணி நேரம் முழு வேகத்தில் ஓடும் என்றாரே உங்கள் விற்பனையாளர், அந்த மோட்டார் முழு வேகத்தில் சுமார் 50 ஆம்பியர் இழுக்கும், பேட்டரி 75 ஆம்பியர் மணி. 75-ஐ 50-ஆல் வகுத்தால் எட்டு வரும் என்று ஒரு கணக்கு வாத்தியாரிடம் சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

என் நஷ்டத்தைச் சொல்கிறேன். மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து மடவைக் கூட்டம் நகரும் நாட்களில்தான் கொடுவா நன்றாக எடுக்கும். அந்தப் பருவம் முழுவதும் போய்விட்டது. பொங்கலும் போய்விட்டது. அறுபது நாள், நாளுக்குப் பதினைந்து கிலோ, கிலோ ரூ.800 என்று வைத்தாலும் ரூ.7,20,000. "மாமா, ஒரு பருவத்தில் நாம் என்றைக்குத் தூண்டிலில் தொள்ளாயிரம் கிலோ பிடித்தோம்?" என்று மைத்துனர் கேட்கிறார். பிடித்திருக்க முடியாது என்று உங்களால் நிரூபிக்க முடியுமா? சரியான மோட்டாரைக் கொடுத்திருந்தால் அல்லவா தெரிந்திருக்கும்? மன உளைச்சலை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

சண்டை போடுவது என் நோக்கமல்ல. நல்ல படகு, உண்மையிலேயே நல்ல படகு. அலையில் உலர்வாக ஓடுகிறது, இரண்டு பேர் எழுந்து நின்று தூண்டில் வீசினாலும் கவிழப் பார்ப்பதில்லை. அதைச் செய்தவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அவர் கட்டிய படகில் அளவு தெரியாமல் மோட்டாரை மாட்டியவரைத்தான் எனக்குப் பார்க்க வேண்டும்.

20 அங்குல ஷாப்ட் உள்ள மோட்டாராக மாற்றிக் கொடுங்கள். மின் மோட்டாரைக் கடல்நீருக்கு ஏற்றதாகவும், பேட்டரியை மெல்ல வடியவிட்டு மறுபடி ஏற்றினாலும் தாங்கும் டீப் சைக்கிள் வகையாகவும் மாற்றுங்கள். லோடு ஆட்டோ வாடகை ரூ.3,600-ஐத் திருப்பித் தாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், உங்கள் பதிவேட்டில் என் பெயருக்கு நேரே இருக்கும் "இழுவலை" என்ற சொல்லை அடித்துவிட்டு, அடித்துவிட்டோம் என்று எழுத்தில் தாருங்கள். மற்றவற்றுக்குப் பதினைந்து நாள் பொறுப்பேன், இதற்குப் பொறுக்கமாட்டேன்.

இந்தக் கடிதம் கிடைத்த பதினைந்து நாளுக்குள் நடக்காவிட்டால் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணமும் இல்லை. எனக்கு நேரம் நிறைய இருக்கிறது, ஓய்வு பெற்றவன். உங்கள் வழக்கறிஞர்தான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் சென்னையிலிருந்து வர வேண்டும். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பேசிவிட்டேன். அங்கே பேசிய பெண் என்னை "ஐயா" என்று அழைத்தார், ட்ரோலிங் என்றால் என்ன என்று பொறுமையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். உங்கள் இளைஞரை ஒரு வாரம் அங்கே பயிற்சிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளன்.

பி.கு.: ஆள் அனுப்புவதாக இருந்தால் ராக்கெட் நாளா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். வருபவர் கையில் ஓர் அளவுநாடாவும் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள், பொன்னேரியில் நானே ஒன்று வாங்கி வைக்கிறேன்.