காவேரிப்பட்டினம் கபடிக் கழகம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நான்கு போட்டிகளில் ஆடி இரண்டில் கோப்பை வென்றோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மீதி நேரத்தை ஒரே செய்திக்குக் கேட்கிறேன்.

மாசித் திருவிழா இரவுப் போட்டியில் பாடிப் போன நம் இளைய வீரர், திரும்பி வரும்போது சுருண்டு விழுந்தார். கைகால் வெட்டி இழுத்தது. வலிப்பு என்று எண்ணிக் கையில் சாவிக்கொத்தைத் திணித்தோம். அரை நிமிடத்தில் எழுந்தவர், மீண்டும் இறங்கத் துடித்தார். கூட்டத்திலிருந்த செவிலியர் ஒருவர்தான் தடுத்தார். ஆடும்போது மயங்கி விழுந்தால் இதயத்தைப் பார்த்தே ஆக வேண்டும் என்றார். இசிஜியும், எக்கோ என்னும் இதய ஸ்கேனும் எடுத்ததில் இதயத் தசை தடித்திருந்தது. பெரியப்பா ஒருவர் முப்பது வயதில் களத்துமேட்டில் விழுந்து இறந்ததை வீட்டார் அப்போதுதான் சொன்னார்கள். இது பரம்பரையாக வரக்கூடிய கோளாறு. பலருக்கு வெளியே அறிகுறியே தெரியாது. முப்பத்தைந்தைத் தாண்டியவர்கள் ஆடும்போது திடீரென விழுந்து இறந்தால், பெரும்பாலும் இதய இரத்தக்குழாய் அடைப்பே காரணம். மூத்த அணியினர் கவனிக்க வேண்டும்.

2004 டிசம்பரில் பெங்களூரில் பெடரேஷன் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தில் டெம்போ அணியின் கிறிஸ்டியானோ ஜூனியர் சரிந்து உயிரிழந்தார். 2021இல் கோபன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்ற டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சனுக்கு அங்கேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்ச்சிக் கருவியால் உயிர் மீட்டார்கள். பிறகு அவர் ஆடவும் செய்தார். உதவி தாமதிக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 108 வரும்வரை நம் கைகள்தான் அந்த இதயம்: நெஞ்சின் நடுவில், 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்தில், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள்.

இத்தாலி 1982 முதல் போட்டி வீரர்களுக்கு இசிஜி பரிசோதனையைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நாமும் தீர்மானித்திருக்கிறோம்: இசிஜி எடுக்காதவருக்கு இனிப் பனியன் கிடையாது. காய்ச்சலோடு எவரும் களமிறங்கக் கூடாது. வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையே தாக்கும். ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து, தூங்காமல் நேரே களத்துக்கு வரும் தம்பிகளை நான் இனி உட்காரத்தான் வைப்பேன். கோபித்துக்கொள்ளட்டும்.

மின்னதிர்ச்சிக் கருவி வாங்க நன்கொடைப் புத்தகம் மேசையில் இருக்கிறது. விழுந்த வீரர் இப்போது நமக்குப் புள்ளி குறிக்கிறார். அவருடைய தம்பியும் நம் அணிதான். அவனுக்கும் எக்கோ எடுக்கச் சொன்னார் மருத்துவர், இன்னும் எடுக்கவில்லை. வரும் திங்களன்று நானே அழைத்துப் போகிறேன்.

செயலாளர்